ஒரு பீப்பாய் இறைச்சியைத் தாளில் பின்தொடர்வது எப்படி?

பிரிட்டிஷ் பேரரசு கடல் கடந்து நடத்திய இராணுவக் கிடங்குகளின் கணக்கேடுகளை முதன்முதலாகப் புரட்டுபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: கிடங்கில் என்ன இருந்தது? நானும் அப்படித்தான் தொடங்கினேன். மாவு, ரம், உப்பிட்ட மாட்டிறைச்சி என்று பட்டியல் எழுதி ஒரு நோட்டையே நிரப்பினேன். ஒன்றும் விளங்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: யார் கையொப்பமிட்டால் கிடங்குக் கதவு திறக்கும்? அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஏடுகளை வாசிக்கும் வழியைக் கீழே சொல்கிறேன். காலம் ஏறத்தாழ 1788 முதல் 1855 வரை.

படி 1: பூட்டு யாருடையது என்று பாருங்கள்

ஒரே துறைமுகத்தில் மூன்று கிடங்குகள் இருக்கலாம். மூன்றுக்கும் எசமானர்கள் வேறு. உணவு, தீவனம், விறகு, ரொக்கம் ஆகியவை கமிசாரியட் துறையின் பொறுப்பு. அந்தத் துறை இராணுவத்துக்குக் கீழ்ப்பட்டதன்று, லண்டன் கருவூலத்துக்குக் கீழ்ப்பட்டது. பீரங்கி, வெடிமருந்து, கோட்டை வேலை ஆகியவை ஆர்டினன்ஸ் வாரியத்தைச் சேர்ந்தவை. கப்பல்களுக்குரிய கயிறு, பாய்மரம், பிஸ்கட் எல்லாம் கடற்படையின் வாரியங்களுக்குச் சொந்தம். 1832இல் அவை கடற்படைத் தலைமையகமான அட்மிரல்டியோடு இணைக்கப்பட்டன. கமிசாரியட் 1854 டிசம்பரில்தான் போர் அலுவலகத்துக்கு மாறியது. ஆர்டினன்ஸ் வாரியம் 1855இல் கலைக்கப்பட்டது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் தேடினால் தவறான அலமாரியில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்க நேரும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கமிசாரியட்டுக்கு வந்த கடிதங்கள் டபிள்யூ.ஓ. (WO, போர் அலுவலகம்) 57 என்ற வரிசையிலும், அங்கிருந்து போனவை டபிள்யூ.ஓ. 58இலும், ஆர்டினன்ஸ் அலுவலகத்துக்கு வந்தவை டபிள்யூ.ஓ. 44இலும் இருக்கின்றன. கடற்படைக்கு ஏ.டி.எம். (ADM, அட்மிரல்டி) என்ற தனி வரிசைகள். திருகோணமலையைப் பற்றித் தேடுபவர் கடற்படைத் தளத்துக்கு ஒரு வரிசையையும் கோட்டைப் பீரங்கிகளுக்கு வேறொரு வரிசையையும் புரட்ட வேண்டியிருப்பது இதனால்தான்.

படி 2: எடையை நம்பாதீர்கள்

ஏட்டில் ஒரு பவுண்டு என்று எழுதியிருந்தால் 454 கிராம் என்று உடனே மாற்றிவிடாதீர்கள். கப்பல்களில் பண்டகக் காப்பாளர் வழங்கிய பவுண்டு நெடுங்காலம் 14 அவுன்ஸ்தான். மீதி 2 அவுன்ஸ் சேதாரத்துக்கென்று பிடிக்கப்பட்டது. 1797இல் ஸ்பிட்ஹெட் துறையில் கிளர்ந்தெழுந்த மாலுமிகளின் கோரிக்கைகளுள் முழு 16 அவுன்ஸ் பவுண்டும் ஒன்று. காலன் (gallon) என்ற திரவ அளவைக்கும் இதே கதைதான். 1826 தொடக்கத்தில் இம்பீரியல் காலன் நடைமுறைக்கு வரும் வரை ரம்மையும் திராட்சை மதுவையும் ஒயின் காலனில் அளந்தார்கள். பழைய காலன் சுமார் 3.8 லிட்டர், புதியது சுமார் 4.5 லிட்டர். 1825க்கும் 1827க்கும் இடையே ஒரு கிடங்கின் ரம் இருப்பு திடீரெனக் குறைந்தால், திருடனைத் தேடும் முன் அளவையைத் தேடுங்கள்.

படி 3: தாள்களை வரிசையாக அடுக்குங்கள்

ஒரு பீப்பாய்க்குப் பின்னால் வழக்கமாக ஐந்து வகைத் தாள்கள் வரும். முதலில் இண்டென்ட் எனப்படும் தேவைப் பட்டியல். அடுத்து கப்பல் சரக்குச் சீட்டு. பிறகு கிடங்கின் வரவு ரசீது. அதன்பின் வழங்கல் சீட்டு. கடைசியாக இருப்புக் கணக்கு. சரக்கு கெட்டிருந்தால் நடுவே அதிகாரிகளின் ஆய்வுக் குழு அறிக்கை ஒன்று நுழையும். அவர்கள் கழிவு என்று எழுதித் தந்தால்தான் பீப்பாய் கணக்கிலிருந்து இறங்கும்.

கிடங்குக் காப்பாளர் பதவியேற்கும்போதே பிணைத்தொகைக்குக் கையொப்பமிட்டவர். குறைந்த சரக்குக்குச் சீட்டு இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு அவரே பொறுப்பு. சீட்டில்லாமல் பசித்தவனுக்குக் கொடுத்தால் கைப்பணம் போகும். சீட்டுக்காகக் காத்திருக்கையில் சரக்கு அழுகினால் ஓர் ஆய்வு அறிக்கையோடு கணக்கு முடிந்துவிடும். அவர் எந்தப் பக்கம் சாய்வார்? ஏடுகளில் தெரியும் கல்நெஞ்சுக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

படி 4: பங்கீட்டு அளவைக் கண்டுபிடியுங்கள்

கிடங்கின் இருப்பு பெரிதா சிறிதா என்பதைத் தலைக்கு எவ்வளவு என்ற அளவு இல்லாமல் சொல்ல முடியாது. பிரிட்டன் 1788இல் நிறுவிய கைதிக் குடியேற்றமான சிட்னி நல்ல பாடம். பண்டங்களோடு புறப்பட்ட கார்டியன் கப்பல் 1789 டிசம்பரில் பனிப்பாறையில் மோதியது. 1790 மார்ச்சில் சிரியஸ் கப்பல் நார்ஃபோக் தீவில் உடைந்தது. ஏப்ரலில் வாரப் பங்கு ஒருவருக்கு இரண்டரை பவுண்டு மாவு, 2 பவுண்டு அரிசி, 2 பவுண்டு பன்றி இறைச்சி என்று சுருங்கியது. காவல் வீரனுக்கும் கைதிக்கும் ஒரே அளவு என்று ஆளுநர் ஆர்தர் ஃபிலிப் உத்தரவிட்டார். தம் சொந்த மாவையும் பொதுக் கிடங்கில் சேர்த்தார்.

அதே சிட்னியில் ரசீதையும் கவனியுங்கள். குடியேறிய உழவர் கோதுமையைக் கிடங்கில் அளந்து கொடுத்தால் கமிசாரியட் ஒரு ரசீது தரும். நாணயம் அரிதாயிருந்த ஊரில் அந்தச் சீட்டே கைமாறிக் கைமாறிப் பணமாகிவிட்டது. பின்னர் அது லண்டன் கருவூலத்தின் மேல் எழுதப்பட்ட உண்டியலாக, அதாவது பணம் தரச் சொல்லும் ஆணைச் சீட்டாக, மாற்றப்பட்டது. ஆகவே ரசீதில் உள்ள பெயர் கோதுமை விளைத்தவருடையது என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 5: சரக்கு நின்ற இடத்தில் நீங்களும் நில்லுங்கள்

பயிற்சிக்கு பாலக்லாவாவை எடுத்துக்கொள்வோம். அது குடியேற்ற நாடன்று, கிரிமியப் போரின் துறைமுகம்; ஆனால் பொறிமுறை அதேதான். 1854 டிசம்பர் 10ஆம் தேதி எலுமிச்சைச் சாறு 20,000 பவுண்டு அங்கே வந்து சேர்ந்தது. மேட்டிலிருந்த முகாமில் வீரர்களுக்கு ஸ்கர்வி, அந்தச் சாறு தீர்க்கக்கூடிய நோய். ஈறு வீங்கி, பல் ஆடிக்கொண்டிருந்தது. பிப்ரவரி வரை சாறு வழங்கப்படவில்லை.

நம் ஐந்து தாள்களை வைத்துப் பார்ப்போம். அனுப்பியாயிற்று, கப்பல் வந்தது, வரவும் ஆயிற்று. நின்றது நான்காவது இடத்தில். அன்றாட ரேஷனில் எலுமிச்சைச் சாற்றைச் சேர்க்கும் உத்தரவு இல்லை. உத்தரவு இல்லாததால் வழங்கல் சீட்டு எழுத வழியில்லை. காப்பிக்கொட்டை கதை இன்னும் கசப்பானது. கடல் பயணத்தில் மணம் போகாது என்று பச்சைக் கொட்டையாகவே அனுப்பினார்கள். அதற்கு உத்தரவு இருந்தது, வழங்கவும் செய்தார்கள். வறுக்க விறகில்லாமல், அரைக்க எந்திரமில்லாமல் சேற்றில் நின்ற வீரனைப் பற்றி எந்தத் தாளிலும் பத்தி இல்லை. இந்தப் படையின் சரக்கு வழங்கல் குறித்து 1855இல் மெக்நீலும் டல்லக்கும் நடத்திய விசாரணையின் அறிக்கையைத் தொடக்கநிலையாளர்கள் அவசியம் வாசிக்க வேண்டும். கிடங்குக்குள் பார்க்காமல் கிடங்கு வாசலைப் பார்க்கக் கற்றுத்தரும்.

படி 6: எழும்பூரில் தொடங்குங்கள்

கியூவுக்குப் போக முடியாதவர்களுக்குச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கால இராணுவத் துறையின் தொகுதிகளை அங்கே பார்க்கலாம். கம்பெனிப் படையின் நிர்வாகம் தனி என்பதால் படி 1இல் சொன்ன மூன்று பூட்டுகளை இங்கே தேடாதீர்கள். இராணுவ வாரியம் என்ற பெயரைத் தேடுங்கள். சென்னையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் கிளம்பி, மலாக்காவில் கூடி, 1811 ஆகஸ்டில் பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) அருகே இறங்கிய ஜாவாப் படையெடுப்பின் ஆண்டு நல்ல தொடக்கம்.

முதல் நாள் ஒரே ஒரு பொருளை மட்டும் பிடியுங்கள். அரிசி வேண்டாம், பக்கத்துக்குப் பக்கம் வந்து மலைக்க வைக்கும். சாராயத்தைப் பிடியுங்கள்: ஐரோப்பியச் சிப்பாயின் அன்றாடப் பங்கில் உண்டு, காலனில் அளப்பார்கள், வழியில் கசியும். கசிந்ததற்கு யார் கையொப்பமிட்டார் என்று தேடுங்கள்.