மார்பகக் கட்டியும் சுயபரிசோதனையும்: முதன்முறை செய்து பார்ப்பவர்களுக்கு

மார்பகத்தில் கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டால், "வலிக்கவில்லையே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் மாறவில்லை. தொடக்கநிலைப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதால், வலியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதும் உண்மையே. இளம்பெண்களுக்கு அதிகம் வரும் ஃபைப்ரோஅடினோமா, வழவழப்பாக, ரப்பர் போல இருந்து, விரல் பட்டதும் புளியங்கொட்டையைப் போல நழுவிப்போகும். 35 வயதுக்கு மேல் நீர்க்கட்டிகளும், பாலூட்டும் தாய்மாருக்குப் பால்கட்டும் வரலாம். ஆனால் இது எந்த வகைக் கட்டி என்பதை உங்கள் விரலால் உறுதிசெய்ய இயலாது.

மாதவிலக்கு முடிந்த சில நாள்களில், வீக்கமும் வலியும் தணிந்திருக்கும்போது பரிசோதியுங்கள். மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளலாம். முதலில் கண்ணாடி முன் நின்று, கைகளைத் தொங்கவிட்டும், தலைக்கு மேல் உயர்த்தியும், இடுப்பில் ஊன்றியும், தோலில் குழிவு, சிவப்பு, ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, புதிதாக உள்ளிழுத்த காம்பு ஆகியவை உள்ளனவா என்று பாருங்கள்.

பிறகு மல்லாந்து படுத்து, வலப்பக்கத் தோளுக்குக் கீழே சிறு தலையணை வைத்து, வலக்கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, இடக்கையால் வலது மார்பகத்தைத் தொட்டுப் பாருங்கள். நடு மூன்று விரல்களின் நுனியால் அல்லாமல், ரேகை பதியும் சதைப்பகுதியால், காசளவு சிறு வட்டங்களாக, ஒவ்வோர் இடத்திலும் முதலில் மெதுவாகவும், அடுத்துச் சற்று அழுத்தியும், பின்பு விலா எலும்பு தட்டுப்படும் அளவுக்கும் தடவ வேண்டும். கழுத்தடியில் உள்ள காறை எலும்பு முதல் மார்பகத்தின் அடிமடிப்பு வரை, அக்குள் முதல் நெஞ்செலும்பு வரை, வரிசை விடாமல் மேலும் கீழுமாகச் செல்லுங்கள், அக்குளை விட்டுவிடாதீர்கள். இதேபோல மறுபக்கமும் செய்யுங்கள். குளிக்கும்போது சோப்பு நுரையோடு தடவினால் விரல் எளிதாக வழுக்கிச் செல்லும்.

இப்பரிசோதனையால் மட்டும் உயிரிழப்பு குறைந்துவிடாது என்பதையும் நான் மறைக்கக் கூடாது. ஷாங்காய் நகரத் துணி ஆலைகளில் பணிபுரிந்த சுமார் 2.66 லட்சம் பெண்களிடம் நடந்து, 2002-இல் வெளியான ஆய்வு அதைத்தான் காட்டியது. ஆகவே வயதுக்கேற்ற மருத்துவப் பரிசோதனைக்கும், மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமுக்கும் இது மாற்றாகாது. உங்கள் மார்பகத்தின் இயல்பை நீங்கள் அறிந்திருந்தால், புதிய மாற்றத்தை உடனே உணர முடியும். இதன் மதிப்பு அதில்தான் இருக்கிறது.

புதிய கட்டியோ, காம்பிலிருந்து இரத்தக் கசிவோ இருந்தால் தாமதமின்றி மருத்துவரைப் பாருங்கள். அவர் தொட்டுப் பார்த்து, வயதைப் பொறுத்து ஸ்கேனோ மேமோகிராமோ எடுத்து, தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுப்பார். ஊசி குத்தினால் நோய் பரவும் என்ற பேச்சை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஃபைப்ரோஅடினோமா என்று உறுதியானால், பல நேரங்களில் அதை அகற்றாமல் கண்காணித்தாலே போதும்.

செல்லும்முன், மார்பகத்தைக் கடிகார முகமாக எண்ணி, கட்டி எத்தனை மணி நிலையில் உள்ளது, எப்போது கண்டீர்கள், கடைசி மாதவிலக்குத் தேதி என்ன என்று ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.