தைவான்ல காதுல விழுறது எந்த மொழி? கண்டுபிடிக்க சில குறுக்கு வழி

தைவான் போறவங்க பாதி பேர் அங்க சைனீஸ் பேசுவாங்கன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டு ஃப்ளைட் ஏறிடுறாங்க, நானும் அப்டி போனவன்தான். மொபைல்ல ஆப் வெச்சு ரெண்டு மாசம் மாண்டரின் படிச்சுட்டு போய் மார்க்கெட்ல கீரை விக்கிற பாட்டிகிட்ட பேசுனா அவங்க சொன்ன பதில்ல ஒரு சொல்கூட புரியல, அவங்க பேசுனது மாண்டரினே இல்லன்னு வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஒரு ஃப்ரெண்ட் சொன்னான். அதனால இது மொழி கத்துக்குற கைடு இல்ல, காதுல விழுறது எதுன்னு பிரிச்சுப் பாக்குற கைடு. இத முதல்ல பண்ணிட்டு அப்புறம் கத்துக்கப் போனா பாதி குழப்பம் போயிடும்.

முதல்ல கணக்கு தெரிஞ்சுக்கோங்க. ரெண்டு பெரிய குடும்பம். ஒண்ணு சீனக் குடும்பம், அதுல மாண்டரின், ஹொக்கியன் (அங்க தாய்கி-ன்னு சொல்வாங்க), ஹக்கா, இந்த மூணும் எழுத்துல ஒண்ணு மாதிரி தெரியும் ஆனா பேசுனா ஒருத்தருக்கொருத்தர் புரியாது. இன்னொன்னு ஆஸ்ட்ரோனேசியக் குடும்பம், சீனர்கள் கப்பல் ஏறி வர்றதுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடியே அந்தத் தீவுல இருந்த பழங்குடிகளோட மொழிகள். அரசாங்கம் ஏத்துக்கிட்ட பழங்குடி இனம் மட்டும் 16, அதுல அமிஸ் தான் பெருசு, அப்புறம் பைவான், அதாயல், புனுன்னு போகும்.

இப்ப காது டெஸ்ட். பேச்சு ஏறி இறங்கி பாட்டு மாதிரி வருதான்னு கேளுங்க. சீன மொழிகள்ல ராகம் மாறுனா அர்த்தமே மாறிடும், மாண்டரின்ல 4 ராகம், ஹொக்கியன்ல 7. பழங்குடி மொழிகள்ல அந்த ராக வேலையே கிடையாது, மலாய் கேட்ட காதுக்கு அது ரொம்ப பழகுன மாதிரி இருக்கும், காரணம் கீழ சொல்றேன்.

ராகம் இருக்குன்னு தெரிஞ்சாச்சுன்னா அடுத்து சொல்லோட வால கவனிங்க. மாண்டரின்ல சொல் பாதி நேரம் உயிரெழுத்துல முடியும், இல்லன்னா ன், ங். ஹொக்கியன், ஹக்கா ரெண்டுலயும் ப், ட், க்-னு பட்டுன்னு வெட்டுன மாதிரி முடியுற சொல் நெறைய வரும். இதுக்கு ஃப்ரீ க்ளாஸ் தலைநகர் தாய்பெய்யோட மெட்ரோ தான், ஏன்னா 2000-லயே பொது வண்டிகள்ல அறிவிப்பு மாண்டரினோட ஹொக்கியன், ஹக்காலயும் இருக்கணும்னு சட்டம் போட்டுட்டாங்க. தாய்பெய் மெயின் ஸ்டேஷன் வரும்போது ஹெட்ஃபோன கழட்டிட்டு கேளுங்க, மாண்டரின்ல தாய்பெய், ஹொக்கியன்ல தாய்பாக், ஹக்கால தொய்பெட். ஒரே ஊரு, ஒரே எழுத்து, மூணு வால். நான் இதுக்காகவே ஒரு வாரம் அந்த லைன்ல போயிருக்கேன்.

ஹொக்கியனா ஹக்காவான்னு சந்தேகம் வந்தா "நான்"ங்குற சொல்லப் பிடிங்க. மாண்டரின்ல வோ, ஹொக்கியன்ல குவா, ஹக்கால ஙாய். ஆமா நம்ம ங தான், சின்ன வயசுல இந்த எழுத்த எதுக்குடா படிக்கிறோம்னு ஙேன்னு முழிச்சோம்ல, அது இங்க வேலைக்கு வருது. ஹக்கால அஞ்சுக்கு சொல்லே வெறும் "ங்" தான், உயிரெழுத்தே கிடையாது. மூணு கூட நல்ல டெஸ்ட், மாண்டரின்ல சான், ஹொக்கியன்ல மூக்குல சொல்ற சா, ஹக்கால சாம்னு உதடு மூடிடும். ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை, தைவான் மாண்டரின்ல நாக்கு மடிக்கிற ஷ-வ ஸ ஆக்கிடுவாங்க, அதனால நாலும் (ஸ) பத்தும் (ஷ) ராகத்த விட்டா ஒரே மாதிரி கேக்கும், காசு விஷயத்துல வெரல காட்டிக் கேக்குறது உத்தமம்.

பழங்குடி மொழிக்கு வரலாம், எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான். கிழக்குக் கரைல ஹுவாலியன், தாய்துங் பக்கம் போனா அமிஸ் காதுல விழ வாய்ப்பு அதிகம். ரெண்டுல இருந்து எண்ணுங்க: தோசா, தோலோ, ஸ்பாத், லிமா, என்னெம், பிதோ, ஃபாலோ, சிவா. மலேசியா சிங்கப்பூர்ல இருக்கற நம்ம ஆளுங்க லிமாலயே நிமிந்து உக்காருவீங்க, மலாய்ல அஞ்சு லீமா, பிலிப்பைன்ஸ் தகாலோக்லயும் லிமா, ஹவாய்லயும் லிமா. கண்ணுக்கு அமிஸ்ல மாத்தா, மலாய்லயும் மாத்தா. எல்லாம் ஒரே வீட்டுப் புள்ளைங்க, வீடு தைவான்னு தான் பெரும்பாலான ஆய்வாளர்கள் நெனைக்கிறாங்க. இந்தக் குடும்பத்துக்கு 10 பெரிய கிளைன்னு மொழி ஆய்வாளர் ராபர்ட் ப்ளஸ்ட் கணக்கு போட்டார், அதுல 9 தைவானுக்குள்ளயே இருக்கு, மிச்சம் ஒண்ணு தான் மடகாஸ்கர்ல இருந்து ஈஸ்டர் தீவு வரைக்கும் பரவிக் கெடக்கு. தாய்துங்ல இருந்து படகுல போற லான்யூ தீவுல தாவ் மக்கள் பேசுறது அந்த பத்தாவது கிளை, பக்கத்து பிலிப்பைன்ஸ் பத்தானெஸ் தீவு மொழிக்கு தான் அது நெருக்கம்.

கண்டுபிடிச்சாச்சு, இனி வாயத் தொறக்கலாம். எல்லா மொழிலயும் நன்றி மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க போதும். மாண்டரின் ஷியெஷியெ, ஹொக்கியன் தோசியா, அமிஸ் அராய், புனுன் உனினாங், பைவான் மசாலு (மசாலாவ நெனச்சுக்கோங்க, மறக்காது). வயசானவங்ககிட்ட ஹொக்கியன்ல சாப்டீங்களான்னு கேட்டாலே வணக்கம் சொன்ன மாதிரி, நம்ம ஊர்ல கேக்குற அதே மாதிரி தான். டீ குடிச்சா இன்னொன்னு கவனிங்க, ஹொக்கியன்ல அது தே, நம்ம தேயிலைல இருக்கற தே அந்த ஹொக்கியன் சொல்லுல இருந்து கப்பல் ஏறி சுத்தி வந்தது தான்.

ஆனா ஒரு தப்பு பண்ணிடாதீங்க, ஹொக்கியன் ஹக்காவ எல்லாம் "வட்டார வழக்கு"ன்னு சொல்லிடாதீங்க. 1949-ல இருந்து 1987 வரைக்கும் ராணுவச் சட்டம் இருந்த காலத்துல பள்ளிக்கூடத்துல தாய்மொழி பேசுன புள்ளைங்களுக்கு ஃபைன் போட்டு கழுத்துல அட்டை மாட்டி விட்டிருக்காங்க, அந்தப் புள்ளைங்க தான் இன்னிக்கு தாத்தா பாட்டி. சிலர் நீங்க அவங்க மொழில ஆரம்பிச்சாலும் மாண்டரினுக்கு மாறிடுவாங்க, அது பழகிப் போன பயம்னு நான் நெனைக்கிறேன். இப்ப தேசிய மொழிகள் சட்டம் 2019-ல வந்து சைகை மொழி வரைக்கும் சேத்துட்டாங்க, இருந்தாலும் சின்னப் பசங்க வீட்லயே மாண்டரின் தான் பேசுறாங்க, பாட்டி கேக்குற கேள்விக்கு பேரன் வேற மொழில பதில் சொல்றத பஸ்ல தினமும் பாக்கலாம்.

காது பழகிடுச்சுன்னா ஊர்ப் பேர் போர்டுல கை வைங்க. தாய்பெய்ல லோங்ஷான் கோயில் ஸ்டேஷன்ல எறங்குனா அந்த ஏரியா பேர் மாண்டரின்ல வான்ஹுவா. ஆத்துல படகு ஓட்டி வந்து யாவாரம் பண்ணுன பழங்குடிங்க படகுக்கு சொன்ன சொல்லு தான் மூலம், அத ஹொக்கியன்காரங்க பாங்கா ஆக்குனாங்க, அப்புறம் தைவான ஆண்ட ஜப்பான்காரன் வந்து அதே சத்தத்துக்கு மான்கான்னு வேற எழுத்து போட்டான், 1945-க்கு அப்புறம் அந்த எழுத்த மாண்டரின்ல படிச்சதும் படகு காணாம போச்சு. கோயில் வாசல்ல உக்காந்திருக்கற தாத்தாக்கள் கிட்ட ஏரியா பேர் கேட்டுப் பாருங்க, பாங்கா-ன்னு தான் சொல்வாங்க. மணிலால ஒரு மீனவன் கிட்ட அந்தச் சொல்ல சொன்னா படகத் தான் காட்டுவான்.