மூளை அலையை வைத்து அறிவை அளந்தோம் என்று அறிக்கை தந்தால் என்ன கேட்க வேண்டும்

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவனுக்குத் தலையில் பட்டையைக் கட்டி மூளை அலை எடுத்து, கலர் படத்தோடு ஒரு அறிக்கை கொடுத்தார்கள். அதில் அறிவு இவ்வளவு என்று போட்டிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு அவன் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்படி ஒரு அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் அந்த எண்ணைப் பார்க்காதீர்கள், முதலில் இதைக் கேளுங்கள்: அலை எடுக்கும்போது பிள்ளையை என்ன செய்யச் சொன்னீர்கள்?

கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருந்தால் வினாடிக்கு 8 முதல் 13 தடவை ஆடும் ஆல்ஃபா அலை தெரியும். ஜெர்மனி டாக்டர் ஹான்ஸ் பெர்கர் 1929-இல் எழுதி வெளியிட்டாரே, அதுதான். அதை வைத்து அறிவைச் சொல்ல முடியாது. வெளியே இருந்து வரும் சத்தத்துக்கோ வெளிச்சத்துக்கோ மூளை பதில் தருவது வேறு கதை. ஒரே மாதிரி பீப் சத்தம் வந்துகொண்டே இருக்கும்போது எப்போதாவது வரும் வேறு பீப்பை மட்டும் எண்ணச் சொன்னால், சுமார் 300 மில்லி செகண்ட் கழித்து அலைக் கோட்டில் ஒரு மேடு எழும்பும், அதற்கு பி300 என்று பெயர். சில மைக்ரோவோல்ட்தான் இருக்கும். குளச்சல் கடற்கரையில் அலைச் சத்தத்துக்கு நடுவே யாரோ கூப்பிடுவது மாதிரி மற்ற அலைகளுக்குள் முங்கிக் கிடக்கும், பல தடவை எடுத்துச் சராசரி போட்டால்தான் வெளியே வரும். அதனால் எத்தனை தடவை எடுத்தீர்கள் என்றும் கேளுங்கள்.

அறிவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 1969-இல் எர்ட்ல், ஷேஃபர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், வெளிச்சத்துக்கு மூளை சீக்கிரம் பதில் தரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐக்யூ மதிப்பெண் கூடுதலாக இருப்பதாக எழுதினார்கள். பின்னால் செய்த ஆய்வுகள் சில ஒத்துப்போயின, சில ஒத்துப்போகவில்லை. கூட்டமாகப் பார்த்தால் தெரியும் அந்தச் சாய்வை வைத்து ஒரு பிள்ளையை எடைபோடக் கூடாது. தூக்கக் கலக்கம், கவனம், வயது எல்லாமே அந்த மேட்டை மாற்றும். யாரோடு ஒப்பிட்டீர்கள், அதே வயதுப் பிள்ளைகளோடா? இதற்குப் பதில் வரவில்லை என்றால் அறிக்கையை மடித்து வைத்துவிடுங்கள்.

வலிப்புக்காக டாக்டர் இஇஜி, அதாவது இதே மூளை அலைப் பதிவு, எடுக்கச் சொன்னால் மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள், அது முக்கியம். முந்தின நாளே தலைக்குக் குளிப்பாட்டி, தேங்காய் எண்ணெய் தேய்க்காமல் கூட்டிப் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ராத்திரி எவ்வளவு நேரம் தூங்க விடலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.