நிலையான ஆட்சி இருந்தால் ஆறு தெளிந்துவிடுமா?

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலைச்சரிவில் பிறக்கிறது. மழை பெய்த மறுநாள் மேலே பாறை இடுக்கில் கை வைத்தால் சில்லென்று தெளிந்த தண்ணீர். அதே ஆறு சேலம் ஊருக்குள் பாலங்களுக்கு அடியில் போகும்போது கருத்துப்போய் மூக்கைப் பொத்த வைக்கிறது. மேலேயும் கீழேயும் ஒரே மாவட்டம், ஒரே அரசு, ஒரே சட்டம்.

'ஆட்சி நிலையாக இருந்து, மக்கள் வாழ்க்கையும் உயர்ந்தால் சுற்றுச்சூழல் தானாகச் சரியாகிவிடும்' என்று யாராவது எழுதினால், அவரை இந்த ஆற்றங்கரைக்கு அழைத்து வரத் தோன்றுகிறது. ஆட்சி நிலைத்தன்மை, மனித வளர்ச்சி, சுற்றுச்சூழல் மூன்றுக்கும் உள்ள தொடர்பை ஆய்வாக எழுதும்போது, நாட்டுக்கே பொதுவான ஓர் எண்ணை எடுத்து ஓர் ஊரின் ஓடைக்குப் பொருத்திப் பார்ப்பதுதான் பலரும் முதலில் செய்யும் தவறு.

அடுத்தது, நிலைத்தன்மையையும் நல்ல நிர்வாகத்தையும் ஒன்றாக எண்ணுவது. உலக வங்கி ஆளுகையை, அதாவது ஒரு நாடு எப்படி ஆளப்படுகிறது என்பதை, ஆறு குறியீடுகளாகப் பிரித்து அளக்கிறது. அதில் 'அரசியல் நிலைத்தன்மை' என்பது, வன்முறையோ ஆட்சிக் குலைவோ வர எவ்வளவு வாய்ப்பு இருப்பதாகக் கருதப்படுகிறது என்பதைத்தான் சொல்கிறது. சாயத்தண்ணீரை ராத்திரியில் ஓடையில் திறந்துவிட்டால் யாராவது வந்து கேட்பார்களா என்பது அதில் வராது. அதற்குச் சட்டத்தின் ஆட்சி, அரசின் செயல்திறன் என்ற மற்றக் குறியீடுகளைப் பார்க்க வேண்டும். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974லேயே வந்துவிட்டது. ஆனாலும் ஆறு கருத்துத்தான் ஓடுகிறது. அதற்காக நிலைத்தன்மை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டி முடிக்கப் பல வருடம் ஆகும். நடுவில் குழப்பம் வந்தால் குழாய் பாதியிலேயே நிற்கும்.

மனித வளர்ச்சிக் குறியீட்டிலும் இதே குழப்பம் உண்டு. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 1990ல் தொடங்கிய அந்தக் குறியீட்டில் ஆயுள், கல்வி, வருமானம் மூன்றுதான். காற்றும் தண்ணீரும் கணக்கில் இல்லை. 2020 அறிக்கையில் கரியமில வாயு வெளியீட்டையும் பொருள் நுகர்வையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, முதலிடத்தில் இருந்த நார்வே 15 இடம் கீழே இறங்கியது.

எந்த மாசு என்று சொல்லாமல் 'மாசு' என்று பொதுவாக எழுதுவதும் தவறுதான். வருமானம் கூடக் கூட மாசு முதலில் ஏறி, பிறகு இறங்கும் என்றொரு கருத்து 1990களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. கந்தக டை ஆக்சைடு போன்ற, பக்கத்திலேயே இருமலாகத் தெரியும் மாசுக்கு அது ஓரளவு பொருந்தியது. கரியமில வாயுவுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை.

சரி, வளர்ச்சி எந்த வழியாக வேலை செய்கிறது? நம் சேலம் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளைப் பாருங்கள். மரவள்ளிக்கிழங்கு கழுவி அரைத்த தண்ணீரை வெளியே விட்டால் புளித்து நாறும், அக்கம்பக்கத்துக் கிணறும் கெடும். இப்போது பல ஆலைகளில் அந்தத் தண்ணீரை மூடிய தொட்டியில் தேக்கி, சாண எரிவாயு எடுப்பதுபோல் வாயு எடுத்து ஆலைக்கே எரிபொருளாக்குகிறார்கள். அதற்குத் தொழில்நுட்பம் தெரிந்தவர் வேண்டும், முதல் போடத் தெம்பு வேண்டும், நாற்றத்தைப் பொறுக்காமல் மனு எழுதிக் கொடுக்கும் ஊர்க்காரர் வேண்டும், அந்த மனுவைப் படித்து ஆலைக்கு நேரில் வரும் அதிகாரியும் வேண்டும். ஆய்வு எழுதுகிறவர்கள் இந்த நாலு பேரையும் தேடிப்போய்ப் பேசிவிட்டு, அப்புறம் குறியீட்டைத் திறக்கட்டும்.