முழங்காலில் அடி: எந்தப் படம், எந்த நேரத்தில்?

முழங்கால் திருகி வீங்கியதும் நேரே எம்.ஆர்.ஐ.க்கு எழுதிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. முதலில் தெரிய வேண்டியது எலும்பு முறிந்திருக்கிறதா என்பதுதான். அதற்கு எக்ஸ்ரே போதும், அதுவும் எல்லோருக்கும் தேவையில்லை. யாருக்கு எக்ஸ்ரே தேவை என்று முடிவுசெய்ய உதவும் ஒட்டாவா விதி சொல்லும் ஐந்தில் ஒன்று இருந்தால் எடுங்கள்: வயது 55 அல்லது அதற்கு மேல், முட்டிச் சில்லில் மட்டும் அழுத்தினால் வலி, காலின் வெளிப்புறச் சிற்றெலும்பின் தலையில் வலி, 90 டிகிரி மடக்க முடியாமை, அடிபட்டவுடனும் சரி, மருத்துவமனையிலும் சரி, நாலு எட்டு வைக்க முடியாமை. நொண்டி நடந்தாலும் நடந்ததாகவே கணக்கு.

நேர்ப்படம் ஒன்று, பக்கவாட்டுப் படம் ஒன்று. பக்கவாட்டுப் படத்துக்கு நோயாளி மல்லாந்தே படுத்திருக்க, கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்துங்கள். மூட்டுக்குள் முறிவு இருந்தால் மஜ்ஜைக் கொழுப்பு கசிந்து ரத்தத்தின் மேல் மிதக்கும். சில்லுக்கு மேலே நேர்கோடாக அந்த மட்டம் தெரியும். ஒருக்களித்துப் படுக்கவைத்து மேலிருந்து எடுத்தால் அந்தக் கோடு விழாது. மெல்லிய முறிவு தப்பிவிடும். நேர்ப்படத்தில் கால் எலும்பின் மேல்பகுதி வெளிவிளிம்பை உற்றுப் பாருங்கள். அங்கே செதில்போல ஒரு துணுக்கு பெயர்ந்திருந்தால் அது செகொண்ட் முறிவு. முன் சிலுவை ஜவ்வு பெரும்பாலும் அறுந்திருக்கும்.

கால் எலும்பின் மேல்தளம் நொறுங்கியிருந்தால் அறுவைக்கு முன் சி.டி. வேண்டும். மூட்டே விலகியிருந்தால், அது தானாகத் திரும்பிப் பொருந்தியிருந்தாலும், பின்புற ரத்தக்குழாயைச் சோதிக்காமல் விடாதீர்கள். கணுக்கால்–கை ரத்த அழுத்த விகிதம் 0.9-க்குக் கீழே போனால் ரத்தக்குழாயைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ. கால் சில்லிட்டு நாடியே இல்லையென்றால் ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது.

ஜவ்வு, மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு) சந்தேகத்துக்குத்தான் எம்.ஆர்.ஐ. பேஸ்மேக்கர், கண்ணில் உலோகத் துகள் உண்டா என்று முதலில் கேளுங்கள். முழங்காலைச் சுற்றி வைக்கும் சிக்னல் வாங்கியான காயிலில் காலை லேசாக மடக்கி, இருபுறமும் பஞ்சு வைத்து அசையாமல் நிறுத்துங்கள். கொழுப்பின் வெளுப்பை அடக்கிய புரோட்டான் டென்சிட்டி என்ற எம்.ஆர்.ஐ. வகைப் படம் மூன்று தளங்களிலும், 3 மி.மீ. தடிமனில். மெனிஸ்கஸுக்குள் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் கிழிசல் அல்ல. வயதானாலே அப்படித் தெரியும். அந்த வெள்ளை மேற்பரப்பைத் தொட வேண்டும், அதுவும் இரண்டு படங்களிலாவது. தசைநார் காந்தப்புலத்துக்கு 55 டிகிரி சாய்ந்தால், குறைந்த டி.இ. (எதிரொலி நேரம்) படத்தில் பொய்யாக வெளுக்கும், நீண்ட டி.இ. கொண்ட டி2 வகை எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த வெளுப்பு மறைந்தால் காயமில்லை.

அல்ட்ராசவுண்டை சில்லுத் தசைநார், நீர்க்கோப்பு, பின்புறக் கட்டி இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிலுவை ஜவ்வை நம்பிச் சொல்ல அது உதவாது. முன்புறத் தசைநாரைப் பார்க்க முட்டியை 30 டிகிரி மடக்கச் சொல்லுங்கள். நீட்டிய காலில் நார் தொய்ந்து, கருத்துத் தெரிந்து, அறுந்ததுபோல ஏமாற்றும்.