வீட்டுக்கு வெல்டிங் மெஷின் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விட்டுப்போன கேட் கீலைப் பற்றவைக்கவும், மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போடவும் சொந்தமாக ஒரு வெல்டிங் மெஷின் இருந்தால் நல்லது என்று நினைப்போருக்கு, ஒரு கையில் தூக்கிச் செல்லக்கூடிய இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின்கள் (மின்வெட்டுக்கு வைக்கும் பேட்டரி இன்வெர்ட்டர் அல்ல) பெரிய வசதியாகிவிட்டன. ஆனால் வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட ஆம்பியரைப் பார்க்கிறார்களே தவிர, மெஷினைச் செருகப்போகும் பிளக் பாயிண்டைப் பலரும் நினைப்பதில்லை.

200 ஆம்பியர் என்று போட்டிருப்பது, பற்றவைக்கும்போது உருகும் கம்பியான ராடின் முனையில் கிடைக்கும் வெளியீடு. அவ்வளவு தேவையா என்பதை ராடுதான் தீர்மானிக்கிறது. 12 கேஜ் எனப்படும் 2.5 மி.மீ. ராடுக்கு ஏறத்தாழ 60 முதல் 90 ஆம்பியரும், 10 கேஜ் எனப்படும் 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130 ஆம்பியரும் போதும். வீட்டு வேலையில் வரும் சதுர பைப், ஆங்கிள், பட்டை ஆகியவற்றில் பெரும்பகுதியை 12 கேஜ் ராடிலேயே முடித்துவிடலாம். பெரிய மெஷினை வாங்குவதில் பிழையில்லை. குறைந்த ஆம்பியரில் ஓட்டும்போது அது சூடேறாமல் நீண்ட நேரம் உழைக்கும். அந்த 200 ஆம்பியரையும் வீட்டு மின்சாரம் கொடுத்துவிடும் என்று நம்புவதுதான் பிழை.

கணக்கு எளிது. 80 ஆம்பியரில் ராடு எரியும்போது, ராடுக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறியான ஆர்க்கின் மின்னழுத்தம் சுமார் 23 வோல்ட், அதாவது 1.85 கிலோவாட். மெஷினின் செயல்திறனை 82 சதவீதம் என்றும், இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் பயன்படும் பங்கைக் குறிக்கும் பவர் ஃபேக்டரை 0.7 என்றும் கொண்டால், 230 வோல்ட் லைனிலிருந்து அது 14 ஆம்பியர் இழுக்கும். ஆகவே 16 ஆம்பியர் பாயிண்டில் 12 கேஜ் ராடை ஓட்டலாம். அதே மெஷினை 200 ஆம்பியருக்குத் திருப்பினால் ஆர்க் 28 வோல்ட்டுக்கு ஏறி, லைனிலிருந்து 42 ஆம்பியர் கேட்கும். எந்த வீட்டு பிளக் பாயிண்டும் அதைத் தாங்காது.

இந்தக் கணக்கைப் போட விரும்பாதவர்கள் மெஷினின் பின்புறம் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்கலாம். தரமான மெஷினில் உச்ச உள்ளீட்டு மின்னோட்டம், சராசரியாகக் கொள்ளத்தக்க உள்ளீட்டு மின்னோட்டம் என இரண்டு எண்கள் இருக்கும். ஒயரின் கனத்தைத் தீர்மானிக்கப் பெரிதும் உதவுவது இரண்டாவது எண். பக்கத்திலேயே டியூட்டி சைக்கிள் இருக்கும். 200 ஆம்பியரில் 30 சதவீதம் என்றால், 40 டிகிரி வெப்பநிலையில், பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் மட்டுமே அந்த ஆம்பியரில் ஓட்டலாம், மீதி ஏழு நிமிடம் ஆறவிட வேண்டும் என்று பொருள். தகடே இல்லாமல், பெட்டியில் பெரிய எண் மட்டும் போட்டிருக்கும் மெஷினை எவ்வளவு மலிவானாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் சுவிட்சான எம்.சி.பி. வேலை நடுவே விழுகிறது என்பதற்காக, ஒயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்குவதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. சுவருக்குள் ஓடும் 2.5 சதுர மி.மீ. ஒயரைக் காக்கத்தான் அந்த எம்.சி.பி. இருக்கிறது, அதைப் பெரிதாக்கிவிட்டால் அடுத்து எரியப்போவது ஒயர். 10 கேஜ் ராடு அடிக்கடி தேவைப்படும் என்றால், போர்டிலிருந்து 6 சதுர மி.மீ. செம்பு ஒயரைத் தனியாக இழுத்து, தொடக்கத்தில் ஒரு கணம் ஏறும் மின்னோட்டத்துக்கு எளிதில் விழாத 32 ஆம்பியர் ‘சி’ வகை எம்.சி.பி.யும் அதற்கேற்ற உலோகக் கூடுள்ள சாக்கெட்டும் பொருத்தச் சொல்லலாம். அதற்கு முன் மின்வாரிய இணைப்பில் அனுமதிக்கப்பட்ட சுமை எவ்வளவு என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

எக்ஸ்டென்ஷன் ஒயரில் சிக்கனம் பார்ப்பதும் அப்படித்தான். 0.75 சதுர மி.மீ. ஒயரை 20 மீட்டர் நீட்டி 18 ஆம்பியர் எடுத்தால் ஏறத்தாழ 19 வோல்ட் வழியிலேயே போய்விடும். முந்நூறு வாட்டுக்கும் மேல் ஒயரிலேயே வெப்பமாக மாறும். ஒயரைச் சுருளிலிருந்து முழுவதும் அவிழ்க்காமல் ஓட்டினால் உள்சுற்றுகளின் உறை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கித் தொட்டுப் பாருங்கள்: பின்கள் கை பொறுக்காத அளவு சுட்டாலோ, ஒரு பின்னின் ஓரம் கறுத்திருந்தாலோ, சாக்கெட்டில் பிடிப்புத் தளர்ந்துவிட்டது என்று அறியலாம். ராடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது என்று மெஷினைக் குறைசொல்லும் பலர் முதலில் மாற்ற வேண்டியது மின்னழுத்தத்தைத் தின்னும் இந்த மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரைத்தான்.

பழைய வகை டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் செட் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவோர், அது எந்த மின்னழுத்தத்துக்கானது என்று முதலில் கேட்க வேண்டும். பட்டறைகளில் ஓடும் செட்டுகளில் பல, மூன்று பேஸ் இணைப்பின் இரண்டு பேஸ்களுக்கு நடுவே 415 வோல்ட்டில் இயங்குபவை. ஒரே பேஸ் உள்ள வீட்டுக்கு அவை பயன்படா. மின்வெட்டு நேரத்தில் வீட்டு யு.பி.எஸ். லைனில் மெஷினைச் செருகுவதும் கூடாது. விளக்குக்கும் விசிறிக்குமாக வைத்த 850 வி.ஏ. (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு) கருவியிடம், 12 கேஜ் ராடுக்கே 3,200 வி.ஏ. கேட்கிறோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெஷினிலிருந்து வரும் எர்த் கிளாம்பை (மின்னோட்டம் மெஷினுக்குத் திரும்பும் ஒயரின் கவ்வி), நாம் பற்றவைக்கப்போகும் இரும்பிலேயே, அதுவும் ராடு படும் இடத்துக்கு அருகில், துருவையும் பெயின்ட்டையும் சுரண்டிவிட்டுக் கவ்வவிட வேண்டும். கைக்கு எட்டிய ஜன்னல் கம்பியிலோ தண்ணீர்க் குழாயிலோ மாட்டினால், வெல்டிங் மின்னோட்டம் திரும்ப வழி தேடி வீட்டின் எர்த் ஒயர் வழியாகப் பாயக்கூடும். நூறு ஆம்பியரைத் தாங்க முடியாத அந்த மெல்லிய ஒயர் சுவருக்குள்ளேயே எரிந்து அறுந்துவிட்டாலும் விளக்கு எரியும், ஃபிரிட்ஜ் ஓடும். பாதுகாப்பு போய்விட்டது என்பது யாருக்கும் தெரியாது.