வெளிமாநிலத் தொழிலாளரைத் தனித்தனி மனிதராக அறிவது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை பவுண்டரிகளிலும் வெளிமாநிலத்தவரை வேலை வாங்கும் மேற்பார்வையாளர்களுக்கும், அவர்களுக்கு வீடு வாடகைக்கு விடுவோருக்கும் உரிய குறிப்புகள் இவை. ‘வடக்கன்’ என்று ஒரே பெயரில் நாம் அடக்கிவிடும் கூட்டத்தில் ஒடியா, வங்காளம், அசாமியம், மைதிலி, போஜ்புரி, சந்தாலி பேசுவோர் இருக்கிறார்கள். இந்துக்கள், இஸ்லாமியர், கிறித்தவரோடு, இயற்கையை வணங்கும் சர்னா வழிபாட்டைத் தம் சமயமாகக் கொண்ட பழங்குடியினரும் இருக்கிறார்கள். 1960களின் பம்பாயில் உடுப்பி ஓட்டல் நடத்திய துளுவரும் தாராவித் தமிழரும் அலுவலக வேலைக்கு வந்த மலையாளிகளும் ‘மதராசி’ என்ற ஒரே பட்டத்தைச் சுமந்தது இங்கு நினைக்கத்தக்கது.

புதிதாக வந்தவரிடம் எந்த மாவட்டம், வீட்டில் என்ன மொழி, முன்பு என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள். ஒடிசாவின் மயூர்பஞ்சிலிருந்து வரும் சந்தால் பழங்குடி இளைஞருக்கு இந்தியும் பிற்பாடு கற்ற மொழியாகவே இருக்கக்கூடும் என்பதால், அவர் தயங்கிப் பதில் சொல்வதை விவரமின்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாதியும் மதமும் வேலைக்கோ வாடகைக்கோ தேவையற்றவை. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

மெஸ்ஸில் சப்பாத்தி போட்டால் போதும் என்று முடிவுசெய்யும் முன்பும் கேளுங்கள். ஒடிசாவில் சோற்றில் நீரூற்றி வைத்துண்ணும் பகாளா, ஏறத்தாழ நம் பழைய சோறுதான். விடுப்பும் அப்படியே: பீகாரிகள் பலருக்குத் தீபாவளியைவிட அதன்பின் ஆறாம் நாள் வரும் சத் பூஜை பெரிது, அசாமியருக்குச் சித்திரைப் பிறப்பை ஒட்டிய பிஹு. ஆனால் பீகாரி என்பதற்காகவே ஒருவர் சத் கொண்டாடுவார் என்று எழுதிவிடாமல், ஒவ்வொருவரிடமும் தேதி கேட்டுப் பட்டியலிடுங்கள்.

வசையைவிடப் பாராட்டில்தான் அதிகக் கவனம் வேண்டும். ‘அவர்கள் முகம் சுளிக்காமல் உழைப்பார்கள், நம்மாட்கள் குடித்துவிட்டு லீவு போடுவார்கள்’ என்பது ஒரே மூச்சில் இரு தரப்பையும் முத்திரை குத்துகிறது. அதன் விளைவாக ஒருவருக்கு ஓய்வில்லாத 12 மணி நேர ஷிப்டும் இன்னொருவருக்கு வேலை மறுப்பும் கிடைக்கின்றன. காண்ட்ராக்டர்களுக்கு இந்தப் பாராட்டு மிகவும் வசதியானது என்பதையும் சொல்லியாக வேண்டும். யாருக்கு வேலை கொடுப்பது என்பதை அவரவர் தைத்த துணியையும் வருகைப் பதிவேட்டையும் பார்த்தே முடிவுசெய்யுங்கள்.

திருட்டோ அடிதடியோ நடந்ததாகக் கேள்விப்பட்டால், யார், எங்கே, எப்போது என்ற மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை அதைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். 2023 மார்ச்சில் தமிழகத்தில் பீகாரிகள் தாக்கப்படுவதாகப் பரவிய இரு காணொளிகள் பொய்யானவை என்று தமிழகக் காவல்துறை அறிவித்தது: ஒன்றில் மோதிக்கொண்ட இரு தரப்பும் பீகார்த் தொழிலாளர்கள், மற்றொன்றில் இரு தரப்பும் உள்ளூரார். அதற்குள் அச்சத்தில் ரயிலேறி ஊர் திரும்பியவர்கள் பலர்.

வாடகைக்கு வருவோரிடம் மற்றவரிடம் கேட்பதையே கேளுங்கள்: எத்தனை பேர், என்ன வேலை, அட்வான்ஸ் எவ்வளவு. ஒப்பந்தத்தை ஏஜெண்ட் பெயரில் போடாமல் குடியிருப்பவர் பெயரிலேயே எழுதி, அவருக்குப் புரிந்த மொழியில் ஒருவரை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.